மாப்பிள்ளை வேகம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சம்பந்தி வீட்டார் அன்னூரிலிருந்து வந்து போனார்கள். போன பிறகு அரை மணி நேரம் பாத்திரங்களை உருட்டினேன். கோபம் இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்யாணப் பேச்செல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கிளம்பும்போது சம்பந்தி ராக்கியண்ணன் நம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் தம்பி தாமுவும் நானும் இரும்புக் குழாய் வெட்டி ஒட்டவைத்த சின்ன கார்ட் வண்டி நின்றது. அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "இதேனுங்க, கொழந்தைக வெளையாடற வண்டியாட்ட இருக்குது?" என்றார்.

காலால்!

"இல்லீங்க சம்பந்தி. மாப்பிள்ளை அழைப்புக்கு என்ற தம்பி இதுலதான் வரப்போறான்" என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

அவர் விடவில்லை. வீட்டில் வெள்ளைக் குதிரை நிற்கிறதாம், சாரட்டு இருக்கிறதாம், ஊரே பார்க்கிற மாதிரி மாப்பிள்ளையைக் கூட்டிப் போகலாமாம். தாமு வெளுத்துப்போனான். பழனி அடிவாரத்தில் ஒரு குதிரை அவன் சட்டையைக் கடித்த நாளிலிருந்து அவனுக்குக் குதிரை என்றாலே பயம். இருபத்தொன்பது வயதுக்காரன், அதை மாமனாரிடம் சொல்ல முடியுமா? "எங்கக்கா வண்டியே போதுங்க மாமா" என்று மெதுவாகச் சொன்னான்.

"சரிங், அதுலயே வாங்க. எதுக்கும் சாரட்டு பொறத்தால வரட்டும். உங்க வண்டி எங்க நிக்குதோ, அங்க மாப்பிள்ளையத் தூக்கி சாரட்டுல வெச்சுக்கலாம்" என்று சிரித்தார் ராக்கியண்ணன்.

நிற்குமாம்! நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பெண் ஹேமப்ரபா வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் இதுதான் பேச்சு. தாமு தலை நரைத்த பிறகும் "நடுரோட்டுல நின்ன மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். என் தம்பி அப்படித் தலைகுனிய நான் விட மாட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வண்டியின் நிலவரம். மோட்டார் இருக்கிறது, உடைசலுக்குப் போன பேட்டரி ஆட்டோவிலிருந்து எடுத்தது, நாற்பத்தெட்டு வோல்ட், உள்ளே செம்புக் கம்பிக் காயில் நானே கட்டினேன். பேட்டரி இருக்கிறது. இல்லாதது கண்ட்ரோலர்.

கண்ட்ரோலர் என்றால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்காரும் ஒரு தகரப் பெட்டி. எவ்வளவு கரண்ட் விடலாம், எப்போது விடலாம் என்று முடிவு செய்வது அதுதான். என் வீட்டுக்காரர் சின்னராசு இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்மூட்டுல நீதான் கண்ட்ரோலரு" என்றார். இந்த ஆளுக்கு ஜோக்கு சொல்ல நேரம் காலமே கிடையாது.

வேகமாகப் போகிற வண்டிக்குக் கண்ட்ரோலர் எளிதாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது மெதுவாகப் போகிற வண்டி. முன்னால் மேளமும் நாதஸ்வரமும் போகும். அவர்கள் நாலு எட்டு வைப்பார்கள், நின்று வாசிப்பார்கள், மறுபடி நாலு எட்டு வைப்பார்கள். மேலே மாலையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருப்பவன் ஆடக் கூடாது. தாமு இதற்கு "மாப்பிள்ளை வேகம்" என்று பேர் வைத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். தாமு கல்யாண வேலையாக டவுனுக்குப் போய்விட்டான். பட்டறையில் தனியாகச் சாப்பிட்டேன், சோறு மிச்சமாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முதல் கண்ட்ரோலர். தாமுவின் சிநேகிதன் ஒருவன் பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிக் கொடுத்தது. ஆடி மாதத்தில் புதுச் சாமான் வாங்கக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டதால் பழையது.

பின்பக்கம் உயரமாக மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி வெல்டு வைத்திருக்கிறோம். முன்னால் தாழ்வான சீட்டில் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் பிடிப்பார். மாப்பிள்ளைக்குப் பதிலாக ஒரு சிப்பம் அரிசி மூட்டையை உட்கார வைத்து, அம்மா ஆசைப்பட்டாளே என்று அதற்குத் துண்டு ஒன்றைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டோம். அவர் காலை அழுத்தினார். வண்டி உதைத்துக்கொண்டு எகிறியது. சிப்பம் மல்லாக்க விழுந்து வாய் பிரிந்துவிட்டது.

"ஐயோ, என்ற மகன்!" என்று அம்மா அரிசியைப் பார்த்துக் கத்தினாள்.

பக்கத்துத் தெருக் கோழிகள் எல்லாம் வந்துவிட்டன. பொறுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. இந்த வகைக் கண்ட்ரோலர் மோட்டாருக்குக் கரண்டைப் படிப்படியாக வெட்டி வெட்டிக் கொடுக்குமாம். ஓட்டம் பிடித்துவிட்டால் தெரியாது, கிளம்பும்போது உதைக்கும் என்றான் தாமு. அதோடு என் வீட்டுக்காரர் காலும் சேர்ந்துகொண்டது. அந்தக் கால் காலில்லை, பலகை. ஆகவே ஆக்ஸிலேட்டரை அவர் காலிலிருந்து பிடுங்கிவிட்டேன். நீள ஒயர் போட்டுக் கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி மாற்றி, பக்கத்தில் நடந்துகொண்டே நானே அழுத்துவதாக முடிவாயிற்று. அவருக்கு ஸ்டியரிங்கும் பிரேக்கும் போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அதே கண்ட்ரோலரில் தாமு என்னவோ மாற்றிவிட்டு வந்தான். உதை பாதியாகக் குறைந்துவிட்டது. சிப்பம் விழவில்லை. தாமு, "இது போதுங்க்கா" என்றான்.

போதாது. வேகம் அதிகம். மண்டபத்துக்கு இந்த வேகத்தில் போனால் சட்டென்று போய்ச் சேர்ந்துவிடும்.

"போய்ச் சேரறதுக்குத்தானே வண்டி?" என்றார் என் வீட்டுக்காரர். கேள்வியைப் பார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஓசூர் கம்பெனியிலிருந்து தாமுவுக்குக் கடிதம் வந்துவிட்டது. கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் வேலையில் சேர வேண்டும். நல்ல கம்பெனி, பேட்டரி வண்டி செய்கிறவர்கள், வீடும் பார்த்துக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். முறுக்குச் சுட்டேன், முதல் ஈடு தீய்ந்துவிட்டது. அடுப்பு சரியில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டாவது கண்ட்ரோலர். தாமு யாருக்கும் சொல்லாமல் செல்போனில் ஆர்டர் போட்டிருக்கிறான். புதுச் சாமான், அதுவும் ஆடியில். அம்மா பார்சலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். "ஆடித் தள்ளுபடீலதாம்மா வாங்குனேன்" என்றான் தாமு. தள்ளுபடி என்றதும் அம்மாவுக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

இதில் என்னென்னவோ வசதி. மூன்று வேகம், ரிவர்ஸ், இன்னும் என்னவோ. கிளம்பும்போது உதையும் கம்மி. சிப்பம் அசையவில்லை. கட்டைவிரலை ஒரே அளவில் அழுத்திப் பிடித்துத் தெரு வழியாக ராஜநடையாக நடந்தேன். தெருக்கோடி வீட்டருகே விரலை எடுத்தேன்.

வண்டி நிற்கவில்லை.

ஒரே அளவில் கொஞ்ச நேரம் அழுத்தினால், "இவங்களுக்கு இந்த வேகந்தான் வேணுமாட்ட இருக்குது" என்று கண்ட்ரோலரே முடிவு செய்து அதைப் பூட்டிக்கொள்ளுமாம். பிரேக் போட்டால்தான் விடும். என் வீட்டுக்காரரோ பிரேக் எங்கே என்று குனிந்து தேடினார். அதற்குள் வண்டி கோடி வீட்டு வாழைக்குள் போய்விட்டது. குலை தள்ளிய வாழை, சாய்ந்தே விட்டது. அந்த வீட்டம்மா வெளியே வந்து, சீட்டில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த சிப்பத்தைப் பார்த்து, "யாருங்க இவரு?" என்று கேட்டார்.

குலையை நாமே விலை கொடுத்து எடுத்துக்கொண்டு கல்யாணப் பந்தலுக்குக் கட்டிக்கொள்வதாகச் சமாதானம் பேசினேன். இந்தக் கண்ட்ரோலர் வேண்டாம். அந்தப் பூட்டை எடுத்துவிடலாம், ஒரு ஒயரைக் கழற்றினால் போதும் என்றான் தாமு. ஒயரைக் கழற்றினால் போதும், வாழைக்கு யார் பதில் சொல்வது? வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆகஸ்ட் 16, சனி

பத்திரிகை வைக்கப் போனோம். போகிற வீட்டிலெல்லாம் "பெத்தவளாட்ட வளத்துனியே, இனி உனக்கு நிம்மதி" என்கிறார்கள். என்ன நிம்மதி, யார் கேட்டது?

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது, அம்மா அனுமதி கொடுத்துவிட்டாள். தாமு டவுனுக்குப் போய் மூன்றாவது கண்ட்ரோலரை வாங்கி வந்தான். இது கரண்டை வெட்டாமல் அலை மாதிரி ஏற்றி இறக்கிக் கொடுப்பது. பெட்டியின் ஓரத்தில் இரண்டு வெள்ளை ஒயர்கள் தனித்தனியாகத் தொங்கின.

"இது எதுக்குடா?"

"படிக்கறதுக்குக்கா."

புது மோட்டாரைக் கண்டால் கண்ட்ரோலர் ஒரு தடவை அதைப் படித்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு வெள்ளையையும் சேர்த்துச் சாவி போட்டால், யாரும் அழுத்தாமலே மோட்டார் தானாகச் சுற்றும். பின்பக்கமாகச் சுற்றினால் பிரித்துவிட்டு மறுபடி சேர்த்தால் முன்பக்கமாகச் சுற்றும். சரியான பக்கம் வந்ததும் பிரித்துவிட வேண்டும். பிரித்த பிறகுதான் கண்ட்ரோலர் நம் விரல் பேச்சைக் கேட்கும்.

"சேத்தியே வெச்சிருந்தா?"

"படிச்சுக்கிட்டே இருக்கும். வேலைக்குப் போகாது."

சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் படிக்க வைத்தோம். முதல் தடவை பின்னால் சுற்றியது, இரண்டாவது தடவை முன்னால். ஒயரைப் பிரித்துத் தொங்கவிட்டுத் தெருவில் இறக்கினோம். நான் விரலை வைத்தேன்.

என்ன சொல்ல! வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. சத்தமே இல்லை. சிப்பத்தின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தோம், அலுங்கவில்லை. தாமு தெருவிலேயே குதித்தான். அம்மா சுற்றிப் போட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கண்ட்ரோலரும் சரிப்படாது. சத்தமே இல்லாமல் போகிறது, முன்னால் போகிற தவில்காரருக்குப் பின்னால் வண்டி வருவது தெரியாது, இடித்துவிடும். வேகமும் இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். வேறு பார்க்கலாம் என்று தாமுவிடம் சொன்னேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இதுக்கு மேல கொறைச்சா வண்டி நிக்குங்க்கா."

"நின்னாத்தான் என்னடா?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. தாமு என்னைப் பார்த்தான். பலகையைத் துடைப்பது மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

சோறு போடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏனம்மிணி, உனக்கு வண்டி மெதுவாப் போகோணுமா, தம்பி மெதுவாப் போகோணுமா?"

இன்னொரு கரண்டிக் குழம்பை அவர் தட்டில் ஊற்றினேன். கொஞ்சம் வேகமாக ஊற்றிவிட்டேன், சட்டையெல்லாம் குழம்பு.

ஆகஸ்ட் 23, சனி

மூன்றாவது கண்ட்ரோலரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவேதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தாமு அவனுடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கினான். பட்டறைச் சாமான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் இங்கயே இருக்கட்டுங்க்கா, வருவேன்ல" என்றான். டெஸ்டரையாவது எடுத்துக்கொண்டு போடா என்று திட்டினேன். ஓசூரில் டெஸ்டர் விற்காதா? விற்கும். இருந்தாலும்.

ஆகஸ்ட் 27, புதன்

வண்டிக்குப் பூ அலங்காரம். கோழிக்கொண்டைப் பூ, சம்பங்கி. சின்னராசுக்குப் புது வேட்டி. பிரேக் எது என்று அவருக்கு மூன்று தடவை காட்டிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. நாத்தனார் முடிச்சு நானே போட்டேன். மண்டபத்துச் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே பந்தி நடக்கிறது. நேற்றைக் கதையை எழுதாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

நேற்றுச் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. தாமு பட்டு வேட்டி, மாலை, தலைப்பாகையோடு மேலே உட்கார்ந்தான். பார்க்கக் கண் கொள்ளவில்லை. முன் சீட்டில் என் வீட்டுக்காரர். முன்னால் மேளக்காரர்கள். பின்னால், சொன்ன சொல் தவறாமல், ராக்கியண்ணனின் வெள்ளைக் குதிரையும் சாரட்டும். அவரே அதில் ஏறி உட்கார்ந்திருந்தார். தாமு திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் காது பின்னாலேயே இருந்தது.

தேங்காய் உடைத்தார்கள். மேளம் கிளம்பிற்று. என் வீட்டுக்காரர் சாவி போட்டார். நான் கட்டைவிரலை வைக்கக்கூட இல்லை.

வண்டி பின்னால் போனது.

நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தபடி முன்னால் போகிறார். மாப்பிள்ளை பின்னால் போகிறான். இரண்டுக்கும் நடுவில் தெரு நீண்டுகொண்டே வருகிறது. "மாப்பிள்ளை ஓடறாருங்கோ!" என்று பெண் வீட்டில் யாரோ ஒரு கிழம் கத்தியது. குதிரை, பூவெல்லாம் சுற்றிய ஒரு நாற்காலி தன்னை நோக்கி வருவதைப் பார்த்து அதுவும் பின்னால் நகர்ந்தது. சாரட்டும் பின்னால் போனது. அதில் ராக்கியண்ணன், "ஓய்! ஓய்!" என்று. குதிரையைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, தெரியாது.

"பிரேக்கை மிதிங்க!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். சாவி எங்கே என்று பார்த்தால் சம்பங்கி மாலைக்குள் புதைந்து கிடக்கிறது. பின்னால் ஓடினேன். நாற்காலிக்கு அடியில் கண்ட்ரோலர். அதன் ஓரத்தில் அந்த இரண்டு வெள்ளை ஒயரும் ஒன்றோடொன்று முறுக்கி, மேலே மஞ்சள் நூல் சுற்றி, குங்குமமும் வைத்திருந்தது!

"யாரு இதக் கட்டுனது?"

"நாந்தாங்கண்ணு" என்று கூடவே ஓடி வந்த அம்மா மூச்சிரைத்தாள். "கோயில்ல வண்டிக்குப் பொட்டு வெக்கறப்ப ரெண்டும் பிரிஞ்சு தொங்குச்சு. நல்ல காரியத்துல எதும் பிரிஞ்சு கெடக்கக் கூடாதல்லோ? ஒட்டுக்கா இருக்கட்டும்னு கட்டிப்போட்டேன்."

ஒட்டுக்கா! கண்ட்ரோலர் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறது, அதுவும் பின்பக்கமாக. நூலைப் பல்லால் கடித்து அறுத்து ஒயரைப் பிரித்தேன். வண்டி நின்றது. குதிரையின் மூக்குக்கும் தாமுவின் தலைப்பாகைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குதிரை நாற்காலியிலிருந்த சம்பங்கியை ஒரு வாய் தின்று பார்த்தது. தாமு கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஊர்க்காரர்கள் தங்களைத்தான் கும்பிடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

"போதுமுங்க, மாப்பிள்ளையத் தூக்குங்கப்பா. சாரட்டுல வெய்யுங்க" என்றார் ராக்கியண்ணன். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"அக்கா" என்றான் தாமு.

"யாரும் தொடாதீங்க. ஒரு நிமிசம் குடுங்க சம்பந்தி" என்றேன்.

இப்படியே ஓட்டினால் பின்னால்தான் போகும். அதனால் ஒயரை மறுபடி சேர்த்தேன். வண்டி தானாக முன்னால் நகர ஆரம்பித்தது. "பாத்தியா, சேத்துனாத்தான் போகுது! அப்படியே இருக்கட்டும் கண்ணு, பிரிச்சுப்போடாத" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர். அவளுக்கு அது ஒயராகத் தெரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக ஒவ்வொரு கண்ட்ரோலராகக் குறை சொன்னேனே, எதிலும் குறை இல்லை. இவன் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். எழுதிவிட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

"அம்மா, கையை எடு. இத இப்பப் பிரிக்கோணும்" என்றேன். பிரித்தேன். அம்மாவே முந்தானை நுனியைக் கிழித்துக் கொடுத்தாள், ஒயர் முனை ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி வைத்தேன்.

பக்கத்தில் வந்து கட்டைவிரலை வைத்தேன். வண்டி முன்னால் போனது. தண்ணீர் தம்ளர் வைத்தால் அலுங்காது, அப்படிப் போனது. மேளக்காரர்கள் தெருமுனையில் திரும்பிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைக் காணோமே என்று நின்றிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மறுபடி வாசித்தார்கள். கொஞ்ச தூரத்தில் மண்டபத்து விளக்குகள் தெரிந்தன. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மேளம் மறுபடி எங்களை விட்டு விலகிப் போக ஆரம்பித்தது. பின்னாலிருந்து ராக்கியண்ணன், "நல்ல நேரம் போகுதுங்களே" என்று குரல் கொடுத்தார், இந்தத் தடவை மரியாதையாக.

தாமு தலையைத் திருப்பாமல் சொன்னான். "அக்கா, கொஞ்சம் அழுத்துக்கா."

"இதுதாண்டா மாப்பிள்ளை வேகம்."

"இல்லக்கா. இது உன்ற வேகம்."

ஊரே பார்க்கிறது என்றுகூடத் தோன்றவில்லை, அழுதுவிட்டேன். அழுதுகொண்டே விரலை முழுதாக அழுத்தினேன். வண்டி நன்றாகத்தான் போனது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நான்தான் ஓட வேண்டியிருந்தது.